செகந்திராபாத்துக்கு ஒரு வீடு கொண்டுபோனேன்

அன்று காலை அந்தத் திடலில் இருந்தவர்கள்: நான், இட்லிக் கடை புஷ்பா, அவள் வீட்டுக்காரர் ராஜேந்திரன், பக்கத்து வீட்டு லட்சுமம்மா, ஆட்டோக்கார மெஹபூப் பாய், ரயில்வே ஸ்டேஷன் போர்ட்டர்கள் ஆறு பேர், அந்த வரிசையின் மற்ற வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர், இரண்டு ஆடுகள். வரைபடம் போட்டுக் கொடுத்த சுனிதா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால், "சுவரைத் தூக்கி இட்லி வாங்கினது யாரு?" என்று பிற்பாடு நான் கேட்டபோது அத்தனை பேரும் "நான் இல்லை" என்றார்கள். ஆடுகளைத் தவிர எல்லோரும் வாங்கினார்கள். நானும் வாங்கினேன்.

அது துணிச் சுவர். அந்த வீடே துணி வீடுதான். நான் தைத்தது.

எனக்கு வியாசர்பாடி. எட்டாவதோடு படிப்பு நின்றுபோய் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். குடிசை ஜனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல், இருக்கிற இடத்திலேயே வீடு கட்டிக் கொடுங்கள் என்று கேட்டு அலைகிற ஒரு சின்ன அமைப்பில் நானும் இருக்கிறேன். கூட்டத்தில் பேசச் சொன்னால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். அதனால் எனக்குக் கிடைத்த வேலை துணி வீடு.

காகிதத்தில் வரைந்த வீட்டைக் காட்டினால் எங்கள் ஜனம் தலையை ஆட்டிவிடும். புரிந்ததா என்றால் புரிந்தது என்பார்கள். கட்டி முடித்து சாவி வாங்கிய பிறகுதான் கட்டில் உள்ளே போகாது, பீரோ வைத்தால் கதவு திறக்காது என்று தெரியவரும். அதனால் பழைய புடவைகளை ஒட்டுப்போட்டு, மேலேயும் கீழேயும் மூங்கில் கழி நுழைகிற மாதிரி மடித்துத் தைத்து, நிஜ வீட்டின் அளவுக்கே சுவர்களைத் தொங்கவிடுவோம். ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு உள்ளே போய் ஒரு பொழுது இருந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

செகந்திராபாத்தில் ரயில்வே மதிலை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். பாதி தமிழ்க் குடும்பங்கள். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர்கள். மீதி தெலுங்குக் குடும்பங்கள். அவர்களுக்கு இரண்டே வழி இருந்தது. எல்லோரும் ஒரே வரைபடத்துக்குச் சம்மதம் சொன்னால் அதே இடத்தில் வீடு கட்டித் தருவதற்கு அதிகாரி எழுதி அனுப்புவார். இரண்டு பேச்சு வந்தால் உப்பலுக்கு அப்பால், பஸ் போய்ச் சேருகிற கடைசி இடத்தில், ஏற்கெனவே கட்டி நிற்கிற அடுக்குமாடிக்குப் போக வேண்டியதுதான். அதிகாரி திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் துணி வீட்டில் இருந்து பார்த்துவிடலாம் என்று சுனிதா எங்களுக்குப் போன் செய்தாள்.

கூட வருவதாக இருந்த கணேசனுக்குக் கடைசி நேரத்தில் வீட்டில் விசேஷம். தனியாகப் போ என்றார்கள். நான் சென்னையை விட்டுத் தனியாகப் போனது அதுவே முதல் தடவை.

சென்ட்ரலில் மூட்டைகளைச் சோதனை மிஷினுக்குள் தள்ளியதும் போலீஸ்காரம்மா கூப்பிட்டார்.

"இன்னாமா இது, இவ்ளோ கயிறு?"

"வீடும்மா."

"இன்னாது?"

"துணி வீடு. ஐதராபாத்துக்கு எடுத்துனு போறேன்."

அவர் ஒரு மூட்டையைப் பிரித்து, என் சமையலறைச் சுவரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "பத்திரமா எடுத்துனு போ. சுவர் இடிஞ்சிடப் போவுது" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; ஏனென்றால் மூட்டைகளை விட்டுவிட்டு கழிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நீளக் கழியைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது என்றார்கள். வழியனுப்ப வந்த கணேசன், "கழி எந்த ஊர்ல கிடைக்காது? போக்கா" என்று அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கழியைப் பற்றி ரயிலில் கவலைப்பட்டிருக்க வேண்டும். நான் பட்ட கவலையெல்லாம் வேறு. மூட்டையை யாராவது தலையணை என்று எடுத்துப் போய்விட்டால்? செகந்திராபாத் வந்தது தெரியாமல் தூங்கிவிட்டால்? எதிர் சீட்டு அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் கடைசியில், "ரயிலே அங்கதான்மா நிக்குது. அதுக்கு மேல போகாது. நீயும் படு, என்னையும் படுக்க விடு" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் மூட்டைகளோடு நின்ற என்னைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு இந்தி சுத்தமாக வராது. புஷ்பாவுக்குப் போன் போட்டு, எனக்கு முன்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன். அவர்தான் மெஹபூப் பாய். மருதாணி போட்ட தாடி. போனில் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று முகம் மலர்ந்து, "இட்லி புஷ்பாவா!" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கும் புரிந்தது. இருநூற்றெண்பது ரூபாய் என்று பேச்சு முடிந்தது. பக்கத்து இடத்துக்கு அது அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூட்டைகளைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் காலடியில் போட்டு, ஒன்றை மேலே கட்டினோம். மேலே கட்டியது ஒரு சிக்னல் தாண்டியதும் அவிழ்ந்தது. திரும்பிப் பார்த்தால் என் குளியலறை, நீலப் புடவை, ஆட்டோவுக்குப் பின்னால் ரோடு நீளத்துக்குப் பறந்துகொண்டு வருகிறது. பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. மெஹபூப் பாய் இறங்கிப் போய், டிராபிக்கைக் கையால் நிறுத்திவிட்டு, வேட்டி மடிக்கிற மாதிரி நிதானமாக மடித்து எடுத்து வந்தார். பஸ் டிரைவர் ஏதோ கத்தினார். பாய் பதிலுக்கு ஒரே வரி சொன்னார். அது என்னவென்று பிறகு புஷ்பா சொன்னாள்: "ஒரு பொம்பளை வீடு கட்டப் போறா, நீ ஆரனடிக்கிறியே!"

இறங்கியதும் காசு கொடுக்கப் போனால் என்னிடம் இரண்டு நூறு ரூபாய்த் தாளும் ஒரு ஐந்நூறும் இருந்தன. அவரிடம் சில்லறை இல்லை. போனில் அனுப்பச் சொன்னார்; போனில் பணம் அனுப்பினால் மொத்தமும் போய்விடும் என்று நான் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. இருநூறை வாங்கிக்கொண்டு, மீதி பிறகு என்று கையைக் காட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த எண்பது ரூபாய் என் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

புஷ்பா என்னைவிட இளையவள், ஆனால் என்னை நடத்தியது பெரியவள் மாதிரி. "வா அக்கா. முகத்த கழுவு. கைக்கு இப்டி பயப்படுற? வீடு வந்துடுச்சு இல்ல?" அவள் குடும்பம் வேலூர்ப் பக்கமாம், அவள் பிறந்தது இங்கே. பேச்சில் நம் தமிழும் இந்த ஊர்ப் பேச்சும் கலந்து வரும். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. அவள் மகள் மௌனிகா காலேஜ் படிக்கிறாள். "சாப்பிட்டியாமா?" என்று கேட்டால் "தின்னானு ஆன்ட்டி" என்று தெலுங்கில் பதில் வரும். வியாசர்பாடியில் எங்கள் தெருவே பாதி தெலுங்கு என்பதால் எனக்கு ஓரளவு ஓடியது.

ராஜேந்திரன் எங்கிருந்தோ கழி கொண்டுவந்திருந்தார். மேலே கட்டுவதற்குச் சரியாக இருந்தது; கீழே நுழைப்பதற்கு இல்லை. "கீழயும் வேணுமாக்கா?" என்று கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவர் இரவு டியூட்டி முடித்துத் தூங்காமல் நின்றார். "பரவால்ல, மேல மட்டும் போதும்" என்று சொன்னது நான்தான்.

மத்தியானத்துக்குள், அந்த வரிசைக்குப் பக்கத்துத் திடலில் வீடு எழும்பிவிட்டது. ஹாலுக்குப் பச்சை, உள் அறைக்கு ரோஸ், குளியலறைக்கு ரோட்டில் புரண்ட நீலம், பின்பக்கம் சமையலறைக்கு மஞ்சள். புஷ்பா உள்ளே போய் நடுவில் நின்று மேலே பார்த்தாள். வானம்தான் இருந்தது. "பெருசாதான் கீது அக்கா" என்றாள். உடனே பால் காய்ச்ச வேண்டும் என்றாள். துணி வீட்டுக்குள் ஸ்டவ்வா? எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றேன். பால் பொங்கியது. லட்சுமம்மா எட்டிப் பார்த்து, "சென்னைக்காரி நெருப்பை அணைக்க வந்திருக்கிறாளா, வீடு கட்ட வந்திருக்கிறாளா?" என்று தெலுங்கில் கேட்டார்.

லட்சுமம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புஷ்பா வீட்டுக்கு அடுத்த வீடு. நல்ல கட்டை குட்டையான உடம்பு, குரல் மட்டும் ரயிலுக்கு மேலே கேட்கும். அன்று மத்தியானம் என்னை உட்காரவைத்து சோளரொட்டியும் புளிச்சக்கீரைக் கோங்கூராவும் போட்டார். ரொட்டியைத் தட்டிக்கொண்டே புஷ்பாவைத் திட்டினார். அவள் இட்லிக்கு வருகிறவர்கள் தன் வாசலில் எச்சில் தட்டைப் போடுகிறார்களாம். திட்டி முடித்ததும் மௌனிகாவைக் கூப்பிட்டு புஷ்பாவுக்கும் இரண்டு ரொட்டி கொடுத்தனுப்பினார். ஊரில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தார்கள். இருந்த நாள் வரைக்கும் பிரியாணி கண்ணில் படவில்லை. சோளரொட்டிதான். அதில் எனக்குக் குறையில்லை.

ராத்தங்கல் சைனிக்புரியில் சுனிதா வீட்டில். அவள் அப்பா ராணுவத்தில் இருந்தவர். அந்தத் தெருவில் மரம் இருந்தது, கேட் இருந்தது, ஆள்தான் இல்லை. எனக்குச் சத்தம் இல்லாத இடத்தில் தூக்கம் வராது. சுனிதா கட்டட வரைபடம் படித்தவள். நல்ல பெண், சம்பளம் குறைவான இந்த வேலைக்கு விரும்பி வந்தவள். சாப்பிடும்போதும் பென்சிலை விடவில்லை. "அக்கா, இரண்டு பேச்சு வராது இல்லையா?" என்று அவள் கேட்டபோது, என்னைவிடக் கவலைப்படுகிற ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குக் காலையில் வேறு ஒரு குடியிருப்பில் கூட்டம். என்னை பஸ் ஏற்றிவிட்டு, பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். இங்கேயும் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று சொல்லியிருந்தாள். நான் தெம்பாக உட்கார்ந்தேன். கண்டக்டரும் பெண்தான். ஆதார் கார்டு கேட்டார். எங்கள் ஊரில் அதெல்லாம் கேட்பதில்லை. பொம்பளை என்றால் பொம்பளைதான். கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, "தமிழ்நாடா? அப்படியானால் டிக்கெட்" என்றார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. காசை அவசரமாகக் கொடுத்த பதட்டத்தில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, அங்கிருந்து ரயில் மதிலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

போனபோது துணி வீட்டில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. புஷ்பா முடிவு செய்திருந்தாள்: புது வீட்டில் எப்படியோ அப்படியே இன்றைக்கு இருந்து பார்ப்பது. வரைபடத்தில் சமையலறை எங்கே இருந்ததோ அங்கே, பின்பக்கம் மஞ்சள் சுவருக்குள், இட்லிப் பானையை ஏற்றியிருந்தாள். போர்ட்டர்கள் வந்து நின்றார்கள். மெஹபூப் பாய் வந்தார். வேர்க்கடலைச் சட்னி இங்கே கொஞ்சம் காரம் தூக்கல். நம் ஊர்த் தேங்காய்ச் சட்னியைக் கேட்டால் சிரிக்கிறார்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படியே வீட்டையும் சுற்றிப் பார்த்தார்கள். பரவாயில்லை, காற்று வருகிறது, வசதியாக இருக்கிறது, இதையே சொல்லிவிடலாம் என்றார்கள். லட்சுமம்மாகூட, "எனக்கும் இதுவே போதும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் ஒரு தட்டு வாங்கித் தின்றேன்.

இட்லி தீர்ந்து, ஆள் கலைந்த பிறகுதான் மஞ்சள் புடவையைப் பார்த்தேன். கீழ் விளிம்பு முழுக்கச் சட்னிக் கறை. கை துடைத்த கறை, தட்டு உரசின கறை, வரிசையாக. அது என் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த புடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சுவரைத் தூக்கி இட்லி வாங்கினது யாரு? வாசல் இருக்குது இல்ல?"

"நான் இல்லை" என்றார் லட்சுமம்மா. உதட்டில் சட்னி இருந்தது.

"நான் இல்லக்கா" என்றார் ராஜேந்திரன். மெஹபூப் பாய் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். புஷ்பா மட்டும், "கைக்கு அக்கா இவ்ளோ கோபம்? நான் தொவைச்சுத் தர்றேன், விடு" என்றாள்.

அந்த நேரத்துக்குத்தான் சுனிதா வந்தாள். கறையைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் போன போக்கு வேறு. மஞ்சள் சுவருக்கு வெளியே போய், எல்லோரும் நின்ற இடத்தில் நின்றாள். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்கேதான் நின்னு வாங்கினாங்களா?"

"ஹவ்" என்றாள் புஷ்பா.

"அக்கா, நிஜ வீட்டுக்கு இங்கே ரயில்வே மதில் வரும். ஆள் நிற்க இடமே இல்லை. சுவரிலும் திறப்பு கிடையாது."

நாங்கள் இத்தனை பேரும் காலையெல்லாம் மதிலுக்குள்ளே நின்றுகொண்டு, செங்கல் சுவர் வழியாக இட்லி வாங்கித் தின்றிருக்கிறோம். வீடு வசதியாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறோம். சுவர் தூக்கினால் தூக்குகிற மாதிரி இருந்ததுதான் வசதி. கீழே கழி நுழைத்திருந்தால் யாரும் தூக்கியிருக்க முடியாது. பரவால்ல, மேல மட்டும் போதும் என்று சொன்ன வாயை அடிக்க வேண்டும் போலிருந்தது.

புஷ்பா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இப்போதிருக்கிற அவள் வீட்டில் அடுப்பு வாசலை ஒட்டி இருக்கிறது. வாசல் சந்தைப் பார்த்திருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். அதுதான் அவள் கடை. "பின்னாடி அடுப்பு இருந்தா நான் யாருக்கு விக்கிறது? ரயிலுக்கா?" என்றாள்.

"ஹாலில் வைத்து விற்றுக்கொள்" என்றார் லட்சுமம்மா.

"ஹால்ல இவரு நைட்டு டியூட்டி முடிச்சு படுத்துக் கெடப்பாரு. இட்லிப் பானைய இவரு தலைமேல வைக்கவா?"

ராஜேந்திரன் தலையைத் தடவிக்கொண்டார்.

சமையலறையை முன்பக்கம் கொண்டுவந்து சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் வைக்கலாம் என்றாள் சுனிதா. ஆனால் வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டுவதால் குழாய் ஒன்றுதான். கீழ் வீடு மேல் வீடு எல்லாவற்றுக்கும் ஒரே பாதை. ஒரு வீட்டில் மாற்றினால் வரிசை முழுக்க மாற்ற வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

லட்சுமம்மா எழுந்து நின்றார். "முடியாது" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசினதை மௌனிகா எனக்கு மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹாலாக இருக்க வேண்டுமாம், கழுவாத பாத்திரமாக இருக்கக் கூடாதாம். ஜென்மம் முழுக்க அடுப்புப் புகையை வாசலில் விட்டாயிற்று, புது வீட்டிலாவது மரியாதையாக இருக்க வேண்டாமா? ஒருத்தி இட்லி விற்பதற்காக எல்லோரும் அடுப்படியில் வரவேற்க வேண்டுமா? அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாலைந்து பேர் அவர் பக்கம் நகர்ந்து நின்றார்கள். இரண்டு பேச்சு வந்துவிட்டது.

புஷ்பா பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "நக்கோ. சண்டை நக்கோ" என்றாள். "பின்னாடியே இருக்கட்டும். உப்பலுக்குப் போறதவிட இது மேல். நான் எங்கயாவது வீட்டு வேலைக்குப் போறேன்." சொல்லிவிட்டு இட்லித் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள். லட்சுமம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுனிதாதான், "எதையும் இப்போ முடிவு பண்ண வேண்டாம். சமையலறையை முன்னாடி மாற்றிக் கட்டிப் பார்ப்போம். பிடிக்கலைன்னா திருப்பிடலாம். துணிதானே" என்றாள். ஆனால் இந்தத் தடவை சுவர் சுவராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கழிக்கடை பூட்டியிருந்தது. என்னிடம் ஊக்கு நிறைய உண்டு. தையல்காரி ஊக்கு இல்லாமல் வெளியே போக மாட்டாள். புஷ்பாவின் தம்ளர், கரண்டி, டவரா எல்லாவற்றையும் நூலில் கோத்து, சுவர்களின் கீழ் விளிம்பில் ஊக்கு போட்டுத் தொங்கவிட்டோம். யார் சுவரை இடித்தாலும் சத்தம் கேட்கும். முதலில் இடித்தது நான்தான். கலகலவென்று விழுந்தது. சுற்றி நின்ற எல்லோரும் "கோட! கோட!" என்று கத்தினார்கள். தெலுங்கில் கோட என்றால் சுவர். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. யாராவது அசந்தால் தம்ளர் கலகலக்கும், திடலே கத்தும். பெரியவர்கள் கை காலை ஒடுக்கிக்கொண்டு நடந்தார்கள். வீடு அப்போதுதான் அதன் நிஜ அளவுக்கு வந்தது. மேலே பார்த்து யாரும் பெரிசு என்று சொல்லவில்லை.

முன்பக்கம் மஞ்சள் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள் சுனிதா. கத்தரிக்கோலை எடுத்தேன். அக்கா கல்யாணப் புடவை. ஏற்கெனவே சட்னியானதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெட்டினேன்.

சாயங்காலம் தண்ணீர் வருகிற நாள். அங்கே சந்து முனையில் ஒரு நல்லா. குழாயை அப்படித்தான் சொல்கிறார்கள். குடங்கள் வரிசையில் இருக்கும், ஆள் வீட்டுக்குள் இருப்பார்கள், தண்ணீர் வந்ததும் யாராவது தன் குடத்தை முன்னால் நகர்த்துவார்கள், சண்டை வரும். எங்கள் ஊரில் லாரித் தண்ணீருக்கு நடக்கிற அதே சண்டை. லட்சுமம்மா துணி வீட்டுக்குள் வந்து, வேண்டா வெறுப்பாக, முன்பக்கச் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குறை சொல்லத்தான் வந்தார். காலை நீட்டினால் தம்ளர் கலகலத்தது. "பார்த்தாயா, கோழிக்கூண்டு" என்றார். அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று எழுந்து, தலையை வெளியே நீட்டி, ரயிலுக்கு மேலே கேட்கிற அந்தக் குரலில் கத்தினார்:

"ஏய் யாதம்மா! என் குடத்தை நகர்த்தாதே! நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!"

சந்து முனையில் ஒரு பெண் கையில் குடத்தோடு உறைந்து நின்றாள். லட்சுமம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "இங்கிருந்து நல்லா தெரிகிறதே" என்றார். இத்தனை வருஷமும் அடுப்பில் எதையோ போட்டுவிட்டு, தண்ணீர் வந்ததா என்று ஓடி ஓடிப் பார்த்தவராம். புது வீட்டுக்கு உள்ளேயே குழாய் வந்துவிடுமே என்று சுனிதா சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். அதற்குள் லட்சுமம்மாவே சொன்னார்: "குழாய் எங்கே வந்தாலும் சரி. சந்தில் யார் போகிறார், யார் வருகிறார் என்று ரொட்டி தட்டிக்கொண்டே பார்க்கலாம். பின்னால் உட்கார்ந்தால் ரயில் மதிலைத்தானே பார்க்க வேண்டும்." அப்புறம் புஷ்பா பக்கம் திரும்பி, "எச்சில் தட்டு மட்டும் என் வாசலில் விழக் கூடாது. விழுந்தால் ஜன்னலுக்குச் செங்கல் வைத்துவிடுவேன்" என்றார்.

"ஹவ் லட்சுமம்மா" என்றாள் புஷ்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

லட்சுமம்மா எங்கள் பக்கம் நகர்ந்ததும் அவர் பக்கம் நின்றவர்களும் நகர்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அதிகாரி வந்தார். கண்ணாடி, கையில் பைல், கூட ஒருவர். புஷ்பா துணி வாசலில் முக்கு போட்டிருந்தாள். நம் கோலம்தான், இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அவர் பைலைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்து வந்து, வாசலை விட்டுவிட்டு, பச்சைச் சுவருக்குள் நுழைந்தார். தம்ளரும் கரண்டியும் கொட்டின. எங்களை மீறி எல்லோரும் "கோட!" என்று கத்திவிட்டோம். போயிற்று, உப்பல்தான் என்று நினைத்தேன். அவர் புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

லட்சுமம்மா சொன்னார்: "சார், நீங்கள் வந்தது என் ஹால் சுவர் வழியாக. வாசல் அந்தப் பக்கம். கட்டின பிறகு இப்படி வந்தால் உங்களுக்குத்தான் மண்டை உடையும்."

அவர் புடவையை எடுத்துவிட்டார். குனிந்து ஒரு தம்ளரை எடுத்து ஊக்கைப் பார்த்தார். பிறகு வந்த வழியே வெளியே போய், முக்கைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

எல்லா அறையும் பார்த்தார். சமையலறை ஏன் முன்னால் என்று கேட்டார். சுனிதா சொல்ல ஆரம்பித்ததும், "வெளியே வாங்க சார், ஜன்னல் பக்கம்" என்றாள் புஷ்பா. அவர் சந்துப் பக்கம் போய் நின்றார். உள்ளேயிருந்து ஒரு தட்டு இட்லி வந்தது. தின்றார். காசு கொடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று சொல்லிவிடு என்று. புஷ்பா வாங்கி டப்பாவில் போட்டாள். "வாங்கலன்னா அது கடைன்னு எப்டிக்கா நம்புவாரு?" என்றாள் பிறகு.

அவர் ஒன்றும் பெரிதாக வாக்குக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதி அனுப்புகிறேன், குழாய் மாறுவதால் இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவர் வரும்வரை இந்த வீட்டைப் பிரிக்க வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அவர் போன பிறகு லட்சுமம்மா சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டார், ஆட்டுக்கும் சேர்த்து.

ஆக, நான் வெறுங்கையோடு ஊருக்குக் கிளம்பினேன். பத்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் தைத்த வீட்டை வேற்றூரில், வெட்டவெளியில், ஊக்கில் விட்டுவிட்டு வருவதென்றால் என்னைப் போல ஒருத்திக்கு எப்படி இருக்கும்? மழை வந்தால் என்ன செய்வது என்று புஷ்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "போ அக்கா. எங்க வீட்ட நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றாள்.

ஸ்டேஷனுக்கு மெஹபூப் பாய்தான் கொண்டுவந்து விட்டார். மூட்டை இல்லாததால் ஆட்டோ காலியாக ஓடியது. இறங்கியதும் பழைய எண்பதுக்கும் இன்றைய சவாரிக்கும் சேர்த்து ஒரு நூறு ரூபாயை நீட்டினேன். சில்லறை வேண்டாம் என்று கையால் காட்டினேன். அவர் வாங்கவில்லை. போனில் புஷ்பாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி, என்னிடம் கொடுத்தார். புஷ்பா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு சவாரி சும்மாவாம். அன்னிக்கு வீட்ட ஏத்திட்டு வர வாடகை பேசுனேன், இறக்குனது துணிதான், அதனால பாதிக்கு மேல வாங்கிட்டேன், மிச்சத்த நிஜ வீடு வந்ததும் குடுக்கட்டும்னு சொல்றாரு."

இரண்டு தடவை மழை வந்ததாகவும், இரண்டு தடவையும் லட்சுமம்மா நின்று பிரித்து, காயவைத்து, திரும்பக் கட்டவைத்ததாகவும் போனில் கேட்டேன். இன்ஜினியர் வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாராம். போன வாரம் நான்கு மூலையிலும் அளவுக் கல் நட்டிருக்கிறார்களாம். கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் புஷ்பா பேசினாள். பின்னால் ஒரு ஆட்டோ ஆரன் கேட்டது, ஆண்குரல் ஒன்று ஏதோ கத்தியது. என்னவாம் என்று கேட்டேன்.

"பாய்தான். மறந்துட வேண்டாம்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாரு" என்றாள்.

நான் மறக்கவில்லை. எழுதிவைத்தும் இருக்கிறேன். வீடு இன்னும் வரவில்லை. மெஹபூப் பாய்க்குத் தர வேண்டியது எண்பது ரூபாய்.